மலையில் ஒரு முள், கடலில் ஒரு முள்

எலியையும் திருக்கை மீனையும் அருகருகே வைத்து ஒப்பிட முற்பட்டால், வாசகர்கள் முதலில் நகைக்கவே செய்வர். ஒன்று மரப்பொந்தில் உறங்கும் பாலூட்டி. மற்றொன்று கடலடி மணலில் புதைந்து கிடக்கும் மீன். இரண்டுக்கும் பொதுவான முன்னோரைத் தேடினால் 40 கோடி ஆண்டுகளுக்கும் அப்பால் செல்ல வேண்டும். ஆயினும் திருவனந்தபுரம் போன்ற ஒரு மாவட்டத்தில் இவ்வொப்பீடு அத்தனை விந்தையானதன்று. குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் இடையே இங்குள்ள தொலைவு ஒரு முற்பகல் பயணம் மட்டுமே. 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர்கூடத்தில் காலையில் மேகம் இறங்குவதைக் கண்டவர், அன்று மாலையே விழிஞ்ஞம் துறையில் படகுகள் புறப்படுவதைக் காணலாம்.

இரண்டையும் ஓர் ஆறும் இணைக்கிறது. அகத்தியமலைத் தொடரில் தோன்றி ஏறத்தாழ 68 கிலோமீட்டர் ஓடும் கரமனை ஆறு, கோவளத்துக்குச் சற்று வடக்கே பனத்துறை அருகில் அரபிக்கடலில் கலக்கிறது. அதன் மேற்பகுதியில் உள்ள பேப்பாறை அணை, தலைநகரின் குடிநீருக்காகக் கட்டப்பட்டது. அணையைச் சூழ்ந்த காடு 1983ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நகரத்தில் குழாயைத் திறக்கும் எவரும் அந்தக் காட்டின் வாடிக்கையாளரே. அக்காட்டில் வாழ்வதாகப் பதிவு செய்யப்பட்டுள்ள உயிர்களுள் ஒன்றுதான் நம் கட்டுரையின் முதல் நாயகன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாத அச்சிறு கொறித்துண்ணியை ஆங்கிலத்தில் மலபார் முள் டார்மௌஸ் என்பர். மலையாளத்தில் முள்ளெலி என்று வழங்குகிறது. தமிழில் அப்பெயரை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாத ஒரு சங்கடம் உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் பந்தாகச் சுருண்டுகொள்ளும் ஒரு சிறு விலங்கை நாம் ஏற்கெனவே முள்ளெலி என்று அழைத்து வருகிறோம். அது எலி இனமே அன்று, கொறித்துண்ணியும் அன்று. ஆகவே குழப்பம் தவிர்க்க, தோட்ட முதலாளிகள் முற்காலத்தில் இட்ட பெயரைத் தழுவி, மலைக்காட்டு விலங்கை இக்கட்டுரையில் மிளகெலி என்றே குறிப்பிடுவோம். அப்பெயர் ஏன் வந்தது என்பதைப் பின்னர் காண்போம்.

மிளகெலியின் உடல் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். எடை 75 கிராம் அளவில் இருக்கும். செம்பழுப்பு முதுகில் மென்மயிருக்கு இடையே தட்டையான, கூர்நுனி கொண்ட முட்கள் படிந்திருக்கும். வயிறு வெளிறியது. வால் தூரிகையைப் போல் அடர்ந்த மயிருடன் நீண்டு, பெரும்பாலும் வெண்ணிற நுனியில் முடியும். இரவில் மட்டுமே வெளிவரும். தரையில் இறங்குவதை விரும்பாது. கிளைவிட்டுக் கிளை செல்லத்தக்க நெருங்கிய மரங்களும், பகலில் உறங்கப் பொந்துள்ள முதிய மரங்களும் அதன் தேவை.

இரண்டாம் நாயகன் முள்திருக்கை. மற்றத் திருக்கைகள் பல வழுவழுப்பான தோல் உடையவை. வாலின் மேற்புறத்தில் நச்சு முள்ளைத் தாங்கியவை. அம்முள் தைத்தவர் வலியைப் பல நாள் மறக்கமாட்டார். முள்திருக்கையிடமோ அந்த நச்சு முள் இல்லை. மாறாக, ஒரு மீட்டருக்கு மேலும் அகலம் கொள்ளும் அதன் வட்ட உடலின் மேற்பரப்பு முழுவதும் கூரிய முட்கள் நிரம்பியுள்ளன. முள்ளம்பன்றித் திருக்கை என்பதே அதன் ஆங்கிலப் பெயரின் பொருள். குஞ்சுப் பருவத்தில் பெரிய முட்கள் இரா. வயது ஏற ஏற அவை வளரும். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கின் மேற்குப் பகுதியிலும் மணலும் பவளப்பாறையும் உள்ள ஆழமற்ற இடங்களில் வாழ்வது. விழிஞ்ஞம் துறைக்கு வரும் திருக்கைகள் பெரும்பாலும் வேறு இனத்தவை; முள்திருக்கையை ஏலத்தில் காணலாம் என்று எவரும் விடியற்காலையில் எழுந்து சென்றால் ஏமாற்றமே மிஞ்சும்.

அறிவியலார் இவ்விரண்டுக்கும் இட்ட பெயர்களை அடுத்தடுத்துப் படித்தபோது எமக்கு வியப்பு மேலிட்டது. மிளகெலியின் பெயர் பிளாட்டகாந்தோமிஸ் லாசியூரஸ். கிரேக்க வேர்களைப் பிரித்தால் தட்டை முள் கொண்ட எலி, மயிரடர்ந்த வாலுடையது என்று பொருள்படும். முள்திருக்கையின் பெயர் யூரோஜிம்னஸ் அஸ்பெரிமஸ். வெற்று வால் உடையது, மிகமிகச் சொரசொரப்பானது என்பது இதன் பொருள். இருவரையும் அடையாளம் கண்டவர்கள் ஒருவரையொருவர் அறியாமலேயே, முள்ளையும் வாலையும் கொண்டே அவர்களுக்குப் பெயர் சூட்டினர். ஒன்றுக்கு வாலில் மயிர் மிகுதி. மற்றொன்றுக்கு வாலில் ஆயுதமே இல்லை.

பெயர் சூட்டிய கதையிலும் ஓர் ஒற்றுமை உண்டு. முள்திருக்கையை 1801ஆம் ஆண்டு வெளிவந்த மீனியல் நூலில் விவரித்தவர்கள் பெர்லின் மருத்துவரான மார்கஸ் எலியேசர் ப்ளாக், அவர் மறைவுக்குப் பின் அந்நூலை முடித்து வெளியிட்ட ஷ்னைடர் ஆகிய இருவர். அவர்கள் பார்த்த மாதிரி பம்பாயிலிருந்து சென்றது. தம் வாழ்நாளில் இந்தியாவுக்கு வராத ப்ளாக், கிழக்கிந்தியக் கடல்களின் மீன்களைப் பிறர் அனுப்பியே அறிந்தார். தரங்கம்பாடியில் பணியாற்றிய ஜான் பாதிரியார் அனுப்பிய மீன்கள் அவற்றுள் பல. மிளகெலியை 1859இல் விவரித்தவர் கல்கத்தா ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகப் பொறுப்பாளரான எட்வர்ட் பிளைத். அவருக்கும் மாதிரிகள் திருவிதாங்கூரிலிருந்து ஒரு பாதிரியார் வழியாகவே சென்றன. மரப்பொந்தில் வாழ்வதையும் கனிகளை உண்பதையும் நேரில் கண்டறிந்து சொன்னவர்கள் மலையில் வாழ்ந்தவர்கள். அவர்கள் பெயர் எந்த நூலிலும் ஏறவில்லை.

முள்ளுக்கு வருவோம். இரண்டும் முள் என்றே அழைக்கப்பட்டாலும் பொருளால் வேறுபட்டவை. மிளகெலியின் முள் என்பது மயிரே. நம் நகமும் முடியும் எந்தப் புரதத்தால் ஆனவையோ அதனால் ஆனது. தட்டையாகிக் கெட்டிப்பட்ட மயிர் என்று கொண்டால் போதும். திருக்கையின் முள் மயிர் அன்று, செதிலும் அன்று. அது ஒரு பல். உள்ளே கூழ், அதைச் சூழ்ந்து பல்திசு, மேலே எனாமலை ஒத்த பளபளப்பான பூச்சு என, நம் வாயிலுள்ள பல்லின் அமைப்பே அதற்கும். சுறாவின் உடலைத் தலையிலிருந்து வால் நோக்கித் தடவினால் வழுக்கும், எதிர்ப்புறம் தடவினால் கையைக் கிழிக்கும் என்று மீனவர் அறிவர். அங்கே தோலில் வரிசை வரிசையாக நிற்பவை நுண்ணிய பற்கள். முள்திருக்கை அவற்றையே பெரிதாக்கி, முதுகில் சுமந்து திரிகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கருவளர்ச்சியை ஆராய்வோர் அண்மை ஆண்டுகளில் கண்டது, எலியின் மயிரும் சுறா, திருக்கை வகையின் தோற்பல்லும் கருவில் ஏறத்தாழ ஒரே விதமாகவே தொடங்குகின்றன என்பது. தோலில் ஓரிடம் சிறு மேடாகத் தடிக்கிறது. ஒத்த மரபணுக்கள் அங்கே இயங்கத் தொடங்குகின்றன. அதன் பின்னரே பாதை பிரிகிறது. 40 கோடி ஆண்டுப் பிரிவுக்குப் பின்னும் ஒரே பட்டறைக் கருவிகளைக் கொண்டு ஒன்று மயிரையும் மற்றொன்று பல்லையும் வார்த்தெடுக்கின்றன.

திருக்கைத் தோலின் இப்பண்பை மனிதர் வெகுகாலமாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். வியர்த்த கையிலும் வாள் நழுவாதிருக்க அதன் கைப்பிடியில் திருக்கைத் தோலைப் போர்த்தினர். கேடயங்களும் அவ்வாறே போர்த்தப்பட்டன. முள்திருக்கையின் தோல் இதற்கு மிகவும் விரும்பப்பட்டது. தமிழ்நாட்டிலோ சாதாரணத் திருக்கையின் காய்ந்த வால் சவுக்காகப் பயன்பட்டதை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். ஒருகாலத்தில் பண்ணைகளில் அச்சொல்லைக் கேட்டாலே கூலியாளின் முதுகு கூசியது. மிளகெலியின் தோலுக்கு அத்தகைய சந்தை ஒருநாளும் இருந்ததில்லை. அதன் பகை வேறு வகையில் வந்தது.

மிளகுக்கொடி கல்யாண முருங்கையிலோ காட்டு மரத்திலோ படர்ந்து, கதிரில் ஒன்றிரண்டு மணிகள் சிவக்கும்போது பறிக்கப்படும். மார்கழி, தை மாதங்கள் அதற்கு உரிய பருவம். பச்சை மிளகு காய்வதற்கு முன் சிவந்து பழுக்கும் அந்தச் சில நாள்களில்தான் மிளகெலியும் மரமேறுகிறது. திருவிதாங்கூர்த் தோட்டக்காரர் அதற்கு மிளகின் பெயரையே சூட்டியது இதனால்தான். பலாப்பழமும் காட்டுக் கொட்டைகளும் அதன் உணவே. பனைமரத்தில் கட்டிய கள் கலயத்தையும் விடாது என்பது பழைய குறிப்பு. இரவுப் பணியாளர் சிலர் அதிகாலையில் செய்வது இதுவே என்பதால் அதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நெடுமங்காடு சந்தைக்கு மிளகு கொண்டுவரும் சிறு விவசாயிக்கு ஒவ்வொரு கதிரும் கணக்கில் வருவது. காட்டை ஒட்டிய அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நிலத்தில் கொடி வளர்ப்பவர் அவர். யானை வந்து வாழையை மிதித்தால் அது கண்ணுக்குத் தெரிகிறது. வனத்துறையில் மனு அளிக்க வழி உண்டு. இரவில் ஒரு கைப்பிடி சிவந்த மணிகளைத் தின்று சென்ற 75 கிராம் விலங்குக்காக எந்த அலுவலகத்தில் எந்தப் படிவத்தை நிரப்புவது? ஆகவே பொறி வைப்பதே எளிய வழியாகிறது. மிளகெலியை உண்மையில் நெருக்குவது பொறியைவிடக் காட்டின் துண்டாட்டம் என்பதே ஆய்வாளர் கருத்து. தேயிலைக்கும் பிற தோட்டங்களுக்கும் பெருமரங்கள் வீழ்ந்த இடத்தில் பொந்தும் இல்லை, கிளைப்பாலமும் இல்லை. மலையின் மறுபுறத்தில், திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்த களக்காடு முண்டந்துறை மழைக்காடுகளில் இதன் எண்ணிக்கையையும் வாழிடத் தேர்வையும் ஆராய்ந்த கட்டுரை 2001இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளிவந்தது. காட்டைக் காடாகவே விட்ட இடத்தில்தான் மிளகெலி குடியிருக்கிறது.

அதே 2001ஆம் ஆண்டு கடலோரத்தில் வேறொரு நாடகம் நிகழ்ந்தது. ஜூலை 11 அன்று மைய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டுச் சுறா, திருக்கை வகைகள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உரிய காப்பு அது. மீறினால் சிறை. ஒரே நாளில், பரம்பரையாகத் திருக்கை பிடித்து விற்றவர் அனைவரும் சட்டத்தின் பார்வையில் வேட்டைக்காரர் ஆயினர். கடலோர மாநிலங்களில் எதிர்ப்பு வலுத்தது. டிசம்பர் 5 அன்று அறிவிக்கை திருத்தப்பட்டு, பட்டியல் 10 இனங்களாகச் சுருங்கியது. அந்தப் பத்தில் முள்திருக்கை ஒன்று. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அட்டவணைகளை மீண்டும் மாற்றியமைத்தபோது பட்டியல் நீண்டது.

அன்றைய எதிர்ப்பை மீனவரின் அறியாமை என்று சிலர் எழுதினர். எமக்கு அதில் உடன்பாடில்லை. சுறாவைப் போன்றே திருக்கையும் கடலோர வீடுகளில் பிள்ளை பெற்ற தாய்க்குச் சமைத்துத் தரப்படும் உணவு. விலை மலிந்த நாளில் ஏழை வீட்டுக் குழம்பும் அதுவே. எந்த இனம் அருகி வருகிறது, எது பெருகி இருக்கிறது என்று பிரித்துக் காட்டாமல் எல்லாவற்றையும் ஒரே பூட்டில் பூட்டியது அறிவிக்கையின் பிழை. ஐந்து மாதங்களில் அது திருத்தப்பட்டதே அதற்குச் சான்று.

ஆனால் திருத்தத்துக்குப் பின்னும் ஒரு வினா எஞ்சியது. வலையைத் திருக்கை தேர்ந்து விழுவதில்லை; வலையும் திருக்கையைத் தேர்ந்து பிடிப்பதில்லை. அடிமட்டத்தில் விரித்த வலையில் விடியுமுன் ஒரு முள்திருக்கை சிக்கினால், பகைவரை விலக்க அது வளர்த்த முட்களே வலைநூலில் மாட்டிக்கொள்ளும். திருக்கைகளை விரும்பி உண்ணும் கொம்பன் சுறாவை ஒருவேளை தயங்க வைத்த கவசம், நைலான் கண்ணியில் அதற்கு விலங்காகிறது. உயிருடன் விடுவிக்க வேண்டுமெனில் வலையை அறுக்க வேண்டும். அறுத்த வலைக்கு யார் பணம் தருவது?

இவ்வினாவுக்கு நம் நாட்டில் இருவகை விடைகள் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. குஜராத் கடற்கரையில் 2004ஆம் ஆண்டு தொடங்கிய திமிங்கலச் சுறாப் பாதுகாப்பு இயக்கம், சுறாவை விடுவிக்க வலையை அறுத்த மீனவருக்கு அரசு இழப்பீடு கிடைக்க வழிவகுத்தது. மகாராஷ்டிரத்தில் 2018 டிசம்பர் முதல், பாதுகாக்கப்பட்ட கடல் உயிர்களை விடுவிக்கும்போது சேதமடைந்த வலைக்கு 25,000 ரூபாய் வரை வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. விடுவித்ததற்குச் சான்றாக மீனவர் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அலைபேசி இல்லாத படகு இன்று அரிது என்பதால் இது நடைமுறைக்கு ஒத்து வந்தது.

இவ்விழப்பீடு வலைக்கு மட்டுமே என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். விட்டுவிட்ட மீனின் விலையும், வலை இன்றிக் கரையில் கழித்த நாள்களின் வருவாயும் மீனவரின் பங்கு. டீசலுக்குக் கடன் வாங்கிப் புறப்பட்டவருக்கு அந்த நாள்களின் கணக்கு மிக நுட்பமானது. 2018-19ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் உழவர் கடன் அட்டை வசதி மீன்வளத் துறைக்கும் விரிவாக்கப்பட்டது. அதுவரை நடைமுறை மூலதனத்துக்குப் பெரும்பாலும் தரகரையே நம்பியிருந்த சிறு மீனவருக்கு, பிடித்த மீனை அத்தரகரிடமே அவர் சொன்ன விலைக்குத் தர வேண்டிய கட்டாயம் இருந்தது. கடன் வேறிடத்தில் கிடைக்கும்போது, வலையில் வந்த ஒரு மீனை விட்டுவிடும் உரிமையும் ஓரளவு கையில் வருகிறது. சட்டப் புத்தகத்தில் இல்லாத பாதுகாப்பு இது.

இனி, இவ்விரு உயிர்களின் உள்வாழ்வில் நாம் எதிர்பாராத ஓர் ஒற்றுமையைச் சொல்லாமல் விட மனமில்லை. மிளகெலி பாலூட்டி, குட்டியைப் பாலூட்டியே வளர்க்கும். திருக்கையோ மீன், ஆயினும் முட்டையிட்டுவிட்டு நீங்குவதில்லை. குஞ்சுகள் தாயின் வயிற்றிலேயே வளர்கின்றன. முட்டைக் கருவின் சேமிப்பு தீர்ந்தபின், கருப்பைச் சுவர் கொழுப்பும் புரதமும் நிறைந்த ஒரு திரவத்தைச் சுரந்து அவற்றுக்கு ஊட்டுகிறது. அதைக் கருப்பைப் பால் என்றே ஆய்வாளர் அழைக்கின்றனர். ஒரு பேற்றில் பிறக்கும் குஞ்சுகள் மிகச் சிலவே. மத்தி மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு ஓராண்டில் இழப்பை ஈடுகட்டும். திருக்கைக்கு அது இயலாது. வங்கி மொழியில் சொன்னால், வட்டி மிகக் குறைவாகத் தரும் வைப்பு அது. முதலில் கைவைத்தால் மீளாது.

இருளில் வழி காண்பதிலும் இரண்டும் கண்ணை மட்டும் நம்புவதில்லை. மிளகெலியின் உறவினரான சீனக் குறு டார்மௌஸ் ஒன்று வௌவாலைப் போல் மீயொலி எழுப்பி, எதிரொலியால் கிளைகளை அறிகிறது என்று அண்மை ஆய்வுகள் காட்டியுள்ளன. திருக்கையின் முகத்தடியில் உள்ள நுண்துளைகள், மணலுக்குள் புதைந்திருக்கும் புழுவின் தசையிலிருந்து எழும் மின்துடிப்பையும் உணரக்கூடியவை. 1678ஆம் ஆண்டு அத்துளைகளை முதலில் விவரித்தவர் இத்தாலியரான லோரென்சினி. அவற்றின் பயன் விளங்குவதற்கு அதன்பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆயின.

இரண்டும் இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அச்சுறுத்தலுக்கு உள்ளானவற்றின் வரிசையில் இடம்பெற்றுள்ளன. அவற்றைக் காக்க நாம் கையாளும் முறைகள் மட்டும் வேறு. மலையில் இடத்தைக் காக்கிறோம்: அகத்தியமலை 2001இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2016இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்ந்தது. கடலில் இனத்தைக் காக்கிறோம்: பெயரைப் பட்டியலில் எழுதி, பிடிக்காதே என்கிறோம். முதல் முறையில் பெயர் தெரியாத உயிரும் பிழைக்கிறது. இரண்டாம் முறையில், நள்ளிரவில் தலைவிளக்கின் ஒளியில் ஒரு திருக்கையைப் பார்த்து இது எந்த இனம் என்று மீனவர் முடிவு செய்ய வேண்டியுள்ளது. கேரளக் கடலில் ஆண்டுதோறும் ஜூன் 10 முதல் ஜூலை 31 வரை 52 நாள்கள் இழுவைப் படகுகளுக்கு விதிக்கப்படும் தடையே, கடலடியில் வாழ்வனவற்றுக்கு இடத்தையும் காலத்தையும் சேர்த்துத் தரும் ஒன்றாக எமக்குத் தோன்றுகிறது. அந்நாள்களில் சிக்காத திருக்கையின் பெயரை எவரும் அறிய வேண்டியதில்லை.

இவற்றைக் காணும் ஆர்வம் கொண்டு திருவனந்தபுரம் வருவோருக்கு ஒரு சொல். விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் கடல்வாழ் உயிரினக் காட்சியகமும் உள்ளன. 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பெருந்துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் பின்னணியில் தெரிய, பழைய மீன்பிடித் துறையில் காலை ஏலம் இன்றும் நடக்கிறது. மலைப்பக்கம் செல்வோர் பேப்பாறைக்கு வனத்துறையின் இசைவு பெற வேண்டும். அகத்தியர்கூட மலையேற்றத்துக்குப் பொதுவாக ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இசைவு வழங்கப்படுகிறது. மிளகு சிவக்கும் பருவமும் அதுவே. அதிருமலை முகாமில் நாள் முழுதும் நடந்த களைப்பில் நீங்கள் உறங்கத் தொடங்கும் வேளையில், மேலே கிளைகளில் மிளகெலியின் வேலை நேரம் தொடங்கியிருக்கும்.